டிஷ்ஷா, இணையமா?
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்து மின்சாரத்தைப் பெற்றது நமது தங்கவயல். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின், ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிடக் கற்றோம். ஆதலின் தொலைக்காட்சிக்கு எவ்வழி நன்று என்னும் வினா நமக்குச் சிறியதன்று.

செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தினின்று எல்லா வீடுகளுக்கும் ஒரே அலையை அனுப்புகிறது. நாள் முழுதும் பார்த்தாலும் செலவு கூடாது. தூரதர்ஷன் 2004-இல் தொடங்கிய இலவச டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே இல்லை; ஆயின் அதில் தமிழ் அலைவரிசைகள் குறைவு. வேண்டியவற்றைப் பெறக் கட்டண டிஷ்ஷை நாடவேண்டும். பெருமழையில் இரண்டிலும் படம் தடைப்படும்.

இணையமோ, வேண்டிய வேளையில் வேண்டியதைத் தரும். விடியலில் பெங்களூருக்கு ரயிலேறி இரவில் திரும்பும் பிள்ளைகளுக்கு அது பேருதவி. எனினும் தெளிவுமிக்க படம் மணிக்கு ஏறத்தாழ 3 ஜி.பி. டேட்டாவை விழுங்கும். நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டம் ஒரு திரைப்படத்துக்கும் போதாது.

ஆகவே, முதியோர் பகலெல்லாம் காணும் வீட்டுக்கு டிஷ் போதும். ஃபைபர் இணைப்பு முன்னரே உள்ள வீட்டுக்கு இணையம் போதும். இரண்டுக்கும் பணம் கட்டுதல் வேண்டா.

இன்னொன்று. இணையம் வந்த வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசியாய்ப் பிரிந்துவிடுகிறோம். கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் செவிவழியேதான் சேரவேண்டும். எவ்வழி வரினும், பாட்டியும் பேரனும் ஒரு திரைமுன் அமர்ந்து பேசிக்கொண்டே காணும் ஒரு மணி நேரத்தை இழவாதிருப்போமாக!