மவுஸ் யார் கையில்?



அண்ணல் அம்பேத்கரின் பள்ளிப் பருவ நிகழ்ச்சி ஒன்று உங்களில் பலர் அறிந்தது. கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். வகுப்பே கூச்சலிடுகிறது. சாதி இந்துப் பிள்ளைகளின் சோற்று டப்பாக்கள் பலகைக்குப் பின்னால் இருந்தன. அவர் நெருங்கினால் தீட்டாம். டப்பாக்களை அப்புறப்படுத்திய பிறகுதான் அவர் பலகையைத் தொட முடிந்தது. அவருக்குக் கணக்கு தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கணினியும் இணையமும் கணக்கையும் அறிவியலையும் சொல்லித்தர வந்துவிட்ட பிறகும், யார் தொடலாம் என்ற கேள்வி தீரவில்லை. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகளும் இணையச் செயல்பாடுகளும் சேர்ந்தன. நல்லவைதாம். ஆனால் 2020இல் பள்ளிகளை மூடியபோது நம் தெருவில் பல வீடுகளில் ஒரே செல்போன்; அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பக்கத்துப் பள்ளி ஒன்றின் கணினி அறையைப் பெருக்கித் துடைத்தது நம் பிள்ளைகள். செய்முறை வகுப்பில் அவர்களுக்குக் கிடைத்தது பின்வரிசை.

நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் இருப்பது அப்படி வந்த பழைய மடிக்கணினி ஒன்றுதான். அதில் ஜியோஜீப்ரா இருக்கிறது. 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. வட்டம் வரைந்து, விட்டம் இழுத்து, பரிதியில் ஒரு புள்ளி வைத்து, விட்டத்தின் இரு முனைகளோடும் சேர்த்தோம். புள்ளியை எங்கே நகர்த்தினாலும் அங்குள்ள கோணம் 90 பாகை. பிள்ளைகள் மாறி மாறி நகர்த்தினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "எல்லா இடத்துலயும் 90ன்னு எப்படிண்ணா நம்புறது? ஒரு இடம் விட்டுப் போயிருந்தா?"

அந்த இடத்தில் திரையை மூடிவிட்டு நோட்டை எடுத்தோம். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஓர் ஆரம் வரைந்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். ஒன்றின் அடிக்கோணங்கள் அ, அ. மற்றொன்றில் ஆ, ஆ. பெரிய முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் இரண்டு அ, இரண்டு ஆ, மொத்தம் 180. ஆக, அவள் கேட்ட கோணம் அ கூட்டல் ஆ, 90. ஆயிரம் முறை நகர்த்தினாலும் அது நிரூபணம் ஆகாது. ஆனால் நகர்த்தியிருக்காவிட்டால் அந்தக் கேள்வி வந்திருக்காது. பதிவு செய்த பாடத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது வருவது அரிது.

அறிவியலுக்கு ஃபெட் இருக்கிறது. நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இலவசம். அதில் மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். உடைத்த பொருளுக்குத் திட்டு வாங்கியே வளர்ந்த பிள்ளைகள், அதைத் திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்தார்கள். நாங்கள் தடுக்கவில்லை.

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். யார் எவ்வளவு நேரம் மவுஸைப் பிடித்தார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்தோம். பெரும்பாலும் பையன்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண்கூட அதிகநேரம் பின்னால்தான் நின்றிருக்கிறாள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் மவுஸ் பெண் பிள்ளைகளிடம். பையன்கள் முணுமுணுக்கிறார்கள்.