கூடாரத்தை மறவாதிருங்கள்



சபையின் ஆண்டு விழாவில் நன்றி செலுத்தக் கூடியிருக்கிறோம். எப்படி நன்றி செலுத்துவது என்று கர்த்தர் இஸ்ரவேலருக்குக் கற்றுக்கொடுத்த கூடாரப் பண்டிகையை இன்று தியானிப்போம்.

லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஏழாம் மாதம் 15ஆம் திகதி, நிலத்தின் பலனைச் சேர்த்து முடித்த காலம். களஞ்சியம் நிறைந்திருக்கிறது. இனி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று மனம் சொல்லும். அந்த நேரத்தில்தான் கர்த்தர், வெளியே வந்து ஏழு நாள் கூடாரத்தில் தங்கச் சொல்லுகிறார். ஏன்? எகிப்திலிருந்து வந்த முன்னோர் கூடாரங்களில் குடியிருந்ததைப் பின்வரும் பிள்ளைகள் அறியவேண்டும் என்கிறது 43ஆம் வசனம்.

யூதர்கள் இன்றும் செப்டெம்பர், ஒக்டோபர் காலத்தில் இதைக் கைக்கொள்ளுகிறார்கள். நமக்கு அடுத்த 19ஆம் வட்டாரத்தில் முற்றங்களிலும் பால்கனிகளிலும் அந்தக் கூடாரங்களைக் காணலாம். கூரைக்கு இலைதழைகளையே போடுவார்கள். இரவில் அதனூடே நட்சத்திரம் தெரியவேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

பிள்ளைகளே, நம்முடைய குடும்பங்களுக்கும் ஒரு கூடாரக் கதை உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுக் கொட்டும் மழையில் தென்மராட்சிக்கு நடந்தார்கள். பாடசாலைகளிலும் கோயில்களிலும் மரங்களின் கீழும் ஓலைக் கொட்டில்களிலும் தங்கினார்கள். பிறகு பாரிஸுக்கு வந்தவர்களிலும் எத்தனையோ பேர் ஒரே அறையில் நெருக்கியடித்து இருந்தார்கள். இரவு வேலைக்கு ஒருவர் போக, அவர் படுத்த இடத்தில் இன்னொருவர் படுத்தார்.

பெரியவர்களே, வீடு வாங்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். அந்த அறையின் கதையைச் சொல்ல வெட்கப்படுகிறோம். அதைச் சொல்லாவிட்டால், எல்லாம் அப்பா அம்மாவின் கெட்டித்தனத்தால் வந்தது என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருக்கும்போது கர்த்தரை மறக்காதிருக்கும்படி உபாகமம் 8ஆம் அதிகாரம் எச்சரிப்பது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பண்டிகையின் சந்தோஷத்தில் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் பங்குபெறவேண்டும் என்கிறது உபாகமம் 16:14. 2015இல் லாச்சப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழ் சூடான், எரித்திரியா நாட்டு மக்கள் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தது நினைவிருக்கிறதா? ஜூன் 2ஆம் திகதி பொலிசார் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வாங்கிய பையோடு நம்மில் எத்தனை பேர் அவர்களைக் கடந்து போனோம்! நம்முடைய பழைய கூடாரம் நினைவில் இருந்திருந்தால், ஒரு நிமிடமாவது நின்றிருப்போம்.

நம்முடைய ஆண்டவரும் கூடாரத்துக்கு வந்தவர்தான். வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்று யோவான் 1:14 சொல்லுமிடத்தில், மூல கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரம் அடித்தல் என்றே பொருள். பாவமன்னிப்பு, சமாதானம், நித்திய ஜீவன் ஆகிய ஆசீர்வாதங்கள் எல்லாம் அவர் இறங்கி வந்ததால் கிடைத்தவை. வேலை, வீடு, படிப்பு, சுகம் ஆகியவற்றையும் அவரே தந்தார். இரண்டுக்கும் சேர்த்தே நன்றி சொல்லுவோம்.

பிள்ளைகளே, இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த நாட்டுக்கு வந்த முதல் இரவு எங்கே படுத்தீர்கள்?" பெற்றோரே, மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டு முடிந்ததும் எல்லோரும் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்லுங்கள். பிறகு அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது, இந்த நகரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒருவருக்கென்று ஒரு பொதி சாப்பாடோ ஒரு போர்வையோ கொண்டுவாருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.