கயிற்றின் மறுமுனை



பொறியாளர்கள், தொழிற்சாலை ஆய்வாளர்கள், தொழிற்சங்கத்தார், செவிலியர், சட்டம் பயின்றோர் எல்லாரும் தனித்துப் பணிபுரிவோரின் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒரே அவையில் கூடியிருக்கிறீர்கள். இது எனக்குப் பெரும் நிறைவைத் தருகிறது. மாநாட்டுக் கட்டுரைகளுக்குள் புகுமுன் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். தனியாக வேலை செய்கிறவர் விழுந்துவிட்டால், அது இன்னொருவருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்?

அடிபட்டது முதல் அது பிறருக்குத் தெரியவரும் வரை கழியும் நேரம்தான் தனித்த பணியின் தனி ஆபத்து. மின்சாரமும் நச்சுவாயுவும் பாம்பும் பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்திலும் உண்டு. ஆனால் அங்கே ஒருவர் கத்தினால் ஒன்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு இது தெரியாததன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36ஆம் பிரிவு சொன்னதைப் பாருங்கள். நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள், சோதித்துச் சான்றளிக்காத நிலையில் ஒருவர் இறங்கினால், அவர் சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டும்; அவருடைய பெல்ட்டில் கயிறு கட்டியிருக்க வேண்டும்; அக்கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலையின் மதில் தாண்டி வந்துவிட்டால், அந்த மறுமுனையைப் பிடிக்க ஆள் இருப்பதில்லை.

ரயில்வேயின் கீமேனை எடுத்துக்கொள்வோம். விடியலில் சுத்தியலும் ஸ்பேனரும் கொடிகளும் எச்சரிக்கை வெடிகளான டெட்டனேட்டர்களும் சுமந்துகொண்டு, தம் பொறுப்பிலுள்ள பாதையான பீட் முழுவதையும் நடந்தே பார்த்து, தளர்ந்த கிளிப்புகளை அடித்து இறுக்கிக்கொண்டு போகிறவர் அவர். தண்டவாளம் விரிசல் விட்டிருப்பதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அகலப் பாதையானால் அந்த இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. வருகிற ரயிலை நிறுத்தும் வழி அவர் தோள்பையில் இருக்கிறது. ஆயிரம் பயணிகளின் உயிரைக் காக்க இந்த ஏற்பாடு செய்தவர்களை நான் மனமார மதிக்கிறேன்.

அந்தக் கீமேனுடைய உயிருக்கு என்ன ஏற்பாடு? மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு கிலோமீட்டரை முப்பத்து மூன்று நொடிக்குள் கடந்துவிடும். வளைவிலும், இருபுறமும் மண்மேடு உயர்ந்த வெட்டிலும் அந்த ஒரு கிலோமீட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து லைனில் சரக்கு வண்டி ஓடிக்கொண்டிருந்தால், தம் லைனில் வருவது காதுக்கும் எட்டாது. அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்புக் குழு 2012இல் அளித்த அறிக்கையில், 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை சுமார் 1,600 ரயில்வே ஊழியர்கள் பணியின்போது இறந்ததைப் பதிவு செய்தது. அவர்கள் எல்லாரும் தனியாக இருந்தவர்கள் அல்லர். ஆனால் ரயில் வருகிறது என்று குரல் கொடுக்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்பதை இந்த அவை ஆராய வேண்டும். ரயில் நெருங்குவதை வானலை வழியே முன்கூட்டி அறிவிக்கும் ‘ரக்ஷக்’ கருவியை நான் வரவேற்கிறேன். அது எல்லாப் பீட்டுக்கும் விரைந்து வந்து சேர வேண்டும்.

மின்வாரியத்தில் வேறொரு துன்பம். மழை இரவில் ஊர் இருண்டு கிடக்கிறது. வயர்மேன் ஒருவரே வருகிறார். துணை மின்நிலையத்துக்குப் பேசி, லைனை அணைத்து வேலை செய்வதற்கான எல்.சி. அனுமதி வாங்குகிறார். கம்பம் ஏறுகிறார். அந்தத் தெருவில் யாரோ முறையான மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓடவிட்டிருந்தால், அணைத்த லைனிலேயே மின்சாரம் திரும்பி வரும். இதைத் தடுக்கத்தான் வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும், லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு போடச் சொல்கிறார்கள். இருட்டில், ஈரத்தில், ஒற்றை ஆளாக டார்ச்சையும் பிடித்துக்கொண்டு அவர் அதை எப்படிப் போடுவார்? விபத்துக்குப் பிறகு “எர்த் ராடு போடவில்லை” என்று கோப்பில் எழுதி, இறந்தவர்மேல் குற்றத்தை ஏற்றி முடித்துவிடுவது எளிது. இருவர் வேலைக்கு ஒருவரை அனுப்பியது யார் என்பதும் அதே கோப்பில் வர வேண்டும்.

ஆள் இரண்டானால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. கழிவுநீர்த் தொட்டிச் சாவுகள் நமக்கு அதைக் கற்பித்திருக்கின்றன. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுகிறார். மேலே நின்ற அண்ணனோ மகனோ பதறிப்போய்க் குதிக்கிறார். இருவருமே பிணமாக வருகிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடினால் மூக்கின் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பியே ஆள் இறங்குகிறார். அபாயகரமான முறையில் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இச்சாவுகளுக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் முப்பது லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் இறங்குகிறார்கள், இறக்குகிறார்கள். அந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று இங்கே யாரும் கட்டுரை படிக்க வேண்டாம். மனிதர் இறங்காமல் இயந்திரம் செய்ய வேண்டிய வேலை அது.

தனிமை என்றால் ஆளரவமற்ற இடம் என்று கொள்ளக் கூடாது. கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் இருந்த கட்டடத்தில். கூட்டத்துக்கு நடுவிலும் ஓர் அறை தனிமையாகிவிடும். நம் ஊரில் துணை சுகாதார நிலையத்திலேயே தங்கும் கிராம சுகாதார செவிலியர், நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் யாரென்று தெரியாமலே எழுந்து வருகிறார். வராமலிருந்தால் கடமை தவறியவர் ஆகிவிடுவார். வந்தால் அவருக்குத் துணை யார்? தொலைதூரச் செவிலியர் ஒருவர் 2016இல் கொல்லப்பட்ட பின், தெற்கு ஆஸ்திரேலியாவில் இரவு அழைப்புக்குச் செவிலியரோடு இன்னொருவரும் போக வேண்டும் என்று சட்டமே வந்தது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்ததும் நாம் பாடமாகக் கொள்ளத் தக்கது. 2005இல் பெட்ரோல் பங்கில் இரவில் தனியாக நின்ற இளைஞன், பணம் தராமல் ஓடிய காரைத் தடுக்கப்போய் உயிரிழந்தான். அங்கே கொண்டுவந்த விதி, அவனைப் போன்றோருக்குத் தைரியம் சொல்லித்தரவில்லை. முதலில் பணம், பிறகு பெட்ரோல் என்று வேலையின் முறையையே மாற்றியது. துரத்த வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இப்படிப்பட்ட தீர்வுகளைத்தான் நான் இம்மாநாட்டில் தேடுகிறேன்.

கைப்பேசிச் செயலிகளையும் அபாயப் பொத்தான்களையும் பற்றிப் பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. நல்லது. ஆனால் மலைச்சரிவில் டவர் கிடைக்காது. மயங்கிக் கிடப்பவர் பொத்தானை அழுத்த மாட்டார். அழைப்பு வந்தால் ஓடும் ஏற்பாடு பாதி ஏற்பாடுதான். குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் ஓடும் ஏற்பாடே முழுமையானது. அதற்குக் கருவியைவிட ஆள் முக்கியம். அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்காமல் இருக்கவும், அவருக்குச் சம்பளம் கொடுக்கவும் நிர்வாகங்கள் முன்வர வேண்டும். செலவு என்று தட்டிக்கழிக்கும் இடமும் இதுதான்.

ஆகவே மாநாட்டின் தீர்மானத்தில் ஒரு கோரிக்கை இடம்பெற வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒற்றை ஆளை அனுப்பும் ஒவ்வொரு பணி ஆணையிலும் மூன்று செய்திகள் எழுதப்பட வேண்டும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை அவரிடம் பேசுவது, பேசுபவர் யார், பதில் வராவிட்டால் எத்தனை நிமிடத்தில் யார் கிளம்புவது. இம்மூன்றையும் எழுத முடியாத வேலைக்கு ஒருவரை மட்டும் அனுப்பக் கூடாது. இரண்டு நாள் விவாதத்தில் இதைச் செப்பமாக்கி, அரசுக்கும் வாரியங்களுக்கும் அனுப்பி வையுங்கள்.