மலையடிவாரத்து இளமை

ஓர் ஊரின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் எழுதுவர். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும், அவ்வூரில் எந்த ஓடையில் எந்த மழைக்கு நீர் வரும், எந்தப் பொருளை மக்கள் என்ன பெயரால் அழைத்தார்கள், பள்ளிக்கு வந்துகொண்டிருந்த சிறுவன் ஒருவன் ஏன் நின்றுவிட்டான் என்பனவற்றை எழுதி வைப்பார் அரியர். அவை மனிதர்களின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்களோடு மறைந்தும் போகின்றன. ஆகவே, இளமை நினைவுகளைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தபோது, பெருஞ்செய்திகளைத் தேடி அலையாமல், சிறு செய்திகள் சிலவற்றையே தொகுத்துக்கொண்டு உங்கள் முன் வந்திருக்கிறேன்.

நான் 1959ஆம் ஆண்டில் திருவண்ணாமலையில் பிறந்தவன். எங்கள் வீடு செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு அருகில் இருந்தது. பெரிய கோயிலிலிருந்து அங்கே செல்ல ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இன்று விடுதிகளும் உணவகங்களும் நெருங்கி நிற்கும் அச்சாலையில் அன்று மாட்டுவண்டிகளே மிகுதி. முழுநிலா இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர் அந்நாளில் சிறு சிறு கூட்டங்களாகவே செல்வர். அவர்களுடைய பேச்சொலி திண்ணையில் படுத்திருக்கும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். இப்போது அவ்விரவுகளில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். அக்காலத்தில் எங்கள் ஊர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்ட அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வேண்டுமானால் வேலூருக்குத்தான் போக வேண்டும். 1989ஆம் ஆண்டில்தான் திருவண்ணாமலை ஒரு மாவட்டத்தின் தலைநகரமாயிற்று.

எங்கள் பகுதிக்குப் பெயர் தந்தவர் ரமண மகரிஷி. அவருடைய கதையை எனக்கு முதலில் சொன்னவர் பூகோள ஆசிரியர். சமயப் பாடமாக அவர் அதைச் சொல்லவில்லை. வரைபடப் பாடமாகச் சொன்னார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மதுரையில் பள்ளி மாணவராக இருந்த வேங்கடராமன் என்னும் 16 வயது இளைஞர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். தமையனாருக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காகக் கையில் கிடைத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு 2 ரூபாயை வைத்துவிட்டார். பழைய தேசப்படம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள இரயில் நிலையம் திண்டிவனம் என்று கணக்கிட்டார். அதற்குள் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே இருப்புப்பாதை போட்டாகிவிட்டது. அப்புதிய பாதை அப்பழைய படத்தில் இல்லை. பயணத்தில் பணம் தீர்ந்தது. நெடுந்தொலைவு நடக்க நேர்ந்தது. காதிலிருந்த கடுக்கனையும் அடகு வைத்தார். செப்டம்பர் 1ஆம் நாள் ஊர் வந்து சேர்ந்தார். "வரைபடத்தைப் பார்க்குமுன் அது அச்சான ஆண்டைப் பார்" என்று எங்கள் ஆசிரியர் இக்கதையை முடிப்பார். பிற்காலத்தில் நானும் ஆசிரியனாகி, அதே கதையை அதே முடிவோடு பல வகுப்புகளுக்குச் சொன்னேன்.

நான் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு மகரிஷி மறைந்துவிட்டார். அந்நேரத்தில் வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைப்பக்கம் சென்றதாகப் பலர் சொன்னார்கள். உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் அன்று ஊரில் இருந்தார். அவரும் அதைக் கண்டதாகக் கூறியிருக்கிறார். எங்கள் தெருவில் அதைக் கண்ட முதியவர் மூவர் இருந்தனர். மூவரிடமும் தனித்தனியே கேட்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஒளி தோன்றியது என்பதில் மூவரும் ஒன்றுபடுவர்; அதன் நிறத்திலும் அளவிலும் ஒருவருக்கொருவர் மாறுபடுவர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒருவர் கொல்லையில் நின்றார். ஒருவர் சாலையில் நின்றார். ஒருவர் அழுதுகொண்டு நின்றார். சாட்சிகளை ஒப்புநோக்கிப் பார்க்கும் முறையை, வரலாற்று நூல்களைத் தொடுவதற்கு முன்பே, அம்மூன்று தாத்தாக்களிடம் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

ஆசிரமத்துக்குள் எங்களைப் பெரிதும் கவர்ந்தவை விலங்குகளின் சமாதிகள். ஒரு பசுவுக்கும், மானுக்கும், நாய்க்கும், காக்கைக்கும் அங்கே சமாதி உண்டு. இலட்சுமி என்னும் அப்பசு 1948ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் இறந்தது. அதன் சமாதிக்காக மகரிஷி தமிழ்ச் செய்யுள் ஒன்றை இயற்றினார். பசுவின் மறைவுக்கு நாளும் கிழமையும் குறித்துச் செய்யுள் எழுதப்பட்டிருக்கிறது என்பது சிறுவர்களாகிய எங்களுக்குப் பெருவியப்பாக இருந்தது. எங்கள் வீட்டுப் பசுக்களுக்குப் பெயர் இருந்தது; நாள் குறித்து வைப்பார்தான் இல்லை.

வெளிநாட்டாரை நாங்கள் கண்டதும் அங்கேதான். பால் பிரண்டன் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒன்று மகரிஷியின் பெயரை மேல்நாடுகளில் பரப்பியது. ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938ஆம் ஆண்டில் இங்கு வந்து சென்று, பின்னர்த் தம் நாவல் ஒன்றில் அவ்வனுபவத்தைப் பயன்படுத்தினார். எங்களுக்கோ அவ்விருந்தினர்கள் தபால்தலைச் சுரங்கங்கள்! அவர்களுக்கு வரும் கடித உறைகளுக்காக நாங்கள் வாயிலில் காத்து நிற்போம்.

1970ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள கான்சாஸ் மாநிலத்திலிருந்து முதியவர் ஒருவர் வந்திருந்தார். தம் ஊரில் மலை என்பதே இல்லை என்றும், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல்தான் என்றும் அவர் சொன்னதை ஆசிரியர் ஒருவர் எங்களுக்குத் தமிழில் விளக்கினார். உடனே என் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன், "அப்படியானால் எங்கள் பள்ளி உப்புமா இவர் வயலிலிருந்துதான் வருகிறதா?" என்று கேட்டான். அது வேடிக்கைப் பேச்சன்று. அந்நாளில் பள்ளி மதிய உணவுக்கு அமெரிக்காவிலிருந்து 'கேர்' என்னும் அறநிறுவனத்தின் வழியாகக் கோதுமை நொய்யும் பால் மாவும் வந்துகொண்டிருந்தன. கேள்வியைக் கேட்டதும் அம்முதியவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவனுடைய கையைப் பற்றிக் குலுக்கினார்.

அன்று என் தோழனின் சட்டைப்பையில் வறுத்த மல்லாட்டை இருந்தது. அதை அவருக்குக் கொடுத்தான். மற்றப் பகுதியினர் வேர்க்கடலை, நிலக்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்னும் பெயரே நாவில் தேய்ந்து மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையாயிற்று. மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். ஆனால் அச்செடியின் தாயகம் அதுவும் அன்று; தென் அமெரிக்கா. ஒரு கைப்பிடிக் கடலைக்குள் இரண்டு கண்டங்களின் பூகோளம் அடங்கியிருக்கிறது. அச்செடியின் இயல்பும் விந்தையானது. பூப்பது நிலத்துக்கு மேலே. காய்ப்பது நிலத்துக்கு உள்ளே. பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற காம்பு ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்துச் செல்லும். அதன் நுனியிலேதான் காய் உண்டாகும். கடலை பறிக்கும் பருவத்தில் எங்கள் வகுப்பில் பாதி இடம் காலியாக இருக்கும். பறித்த கடலையில் ஒரு பங்கே கூலி. சிறுவர் கைக்கும் அப்பங்கு உண்டு.

கணக்குப் பாடத்துக்கு எங்கள் ஊரில் பெரிய கருவி ஒன்று இருந்தது. அது கோயிலின் கிழக்கு இராஜகோபுரம். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த அக்கோபுரம் 11 நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. 1987ஆம் ஆண்டில் திருவரங்கத்துக் கோபுரம் கட்டி முடியும் வரை தமிழ்நாட்டில் அதுவே மிக உயர்ந்தது. எங்கள் கணக்காசிரியர் ஒரு நாள் பிற்பகலில் எங்களைக் கோபுரத்தின் முன் அழைத்துச் சென்று, ஓர் அளவுகோலை நிலத்தில் நட்டார். கோலின் நிழல் கோலின் நீளத்துக்குச் சமமாகும் நேரத்தில் கோபுரத்தின் நிழலும் கோபுரத்தின் உயரத்துக்குச் சமமாக இருக்கும் என்றார். நாங்கள் கயிறு பிடித்து ஓடினோம். அப்போது என் தோழன், "ஐயா, கோபுரத்தின் உச்சி நடுவில் இருக்கிறது, நாம் சுவரின் ஓரத்திலிருந்து அல்லவா அளக்கிறோம்?" என்றான். அடித்தளத்தின் பாதி அகலத்தையும் கூட்ட வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லுமுன் அவனே கண்டுவிட்டான். அவர் அவனைத் தட்டிக்கொடுத்த ஓசை இன்னும் என் செவியில் இருக்கிறது.

கார்த்திகைத் தீபத்தைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் செப்புக் கொப்பரையில் பல ஆயிரம் கிலோ நெய் வார்த்து, காடாத் துணியைத் திரியாக்கி ஏற்றுகின்றனர். ஏற்றும் உரிமை பர்வத ராஜகுலத்தாருக்கு உரியது. உச்சியில் ஒளி தோன்றிய பிறகே ஊரில் வீட்டு விளக்குகள் ஏற்றப்படும். பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. தீபம் எரிந்து முடிந்தபின் கொப்பரையிலிருந்து எடுக்கும் கருமை வீணாவதில்லை. அதிலிருந்து செய்த மையை மார்கழித் திருவாதிரையன்று நடராசருக்குச் சாத்தி, பின்னர் அடியார்களுக்கு வழங்குவர். எங்கள் வீட்டில் சிறு செப்பு ஒன்றில் அது ஆண்டு முழுவதும் இருக்கும்.

இனி, நான் பலமுறை குறிப்பிட்ட அத்தோழனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்நாளில் மலையின் பெரும்பகுதி மொட்டையாகக் கிடந்தது. விடியுமுன் பெண்கள் ஏறிச் சென்று, புல்லும் சுள்ளியும் சேர்த்துத் தலைச்சுமையாக இறக்கி ஊரில் விற்பார்கள். கோடையில் காய்ந்த புல்லில் தீப்பற்றினால் இரவில் மலைமேல் நெருப்பு மாலைபோல் நீண்டு தெரியும். என் தோழனும் அவன் தாயும் நாள்தோறும் ஒரு சுமை இறக்கியபின்தான் அவன் பள்ளிக்கு வருவான். எந்தப் பாறையின் கீழ் கோடையிலும் நீர் நிற்கும், எந்த மழைக்கு எந்த ஓடை இறங்கும், எங்கே கல் உருளும் என்பன அவனுக்கு மனப்பாடம். 1971ஆம் ஆண்டில், அவன் தந்தை இறந்த சில நாட்களில், அவன் பள்ளிக்கு வருவது நின்றது. சில வாரங்கள் சென்றபின் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது. வகுப்பில் முதல் கணக்காளன் அவன். நான் ஊரின் அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கச் சென்ற நாட்களில் அவன் விறகு மண்டியில் சுமை தூக்கிக்கொண்டிருந்தான். அவன் ஏன் நின்றான் என்பதைச் சொல்ல அப்பதிவேட்டில் இடம் இல்லை.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குச் சென்று பார்த்து வந்து காரணத்தை எழுதாமல் எந்த மாணவரின் பெயரையும் நீக்க ஒப்பமிட்டதில்லை. எல்லாரும் திரும்பி வந்தனர் என்று சொல்ல மாட்டேன். சிலர் வந்தனர். வராதவர்களின் காரணமாவது ஏட்டில் நின்றது.

மலையும் மாறிவிட்டது. 1980களின் பிற்பகுதி முதலாக ஆர்வலர்களும் மாணவர்களும் மரம் நட்டு, தீயைத் தடுத்துக் காத்ததன் பயனாக இன்று பல சரிவுகள் பசுமையாக உள்ளன. ஆயினும் மலை என்பது படத்தில் வரைந்த முக்கோணம் அன்று. அது அசையவும் கூடும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மண்ணும் பாறையும் சரிந்து அடிவாரத்து வ.உ.சி. நகரில் விழுந்தன. 7 உயிர்கள் மாய்ந்தன. அவர்களுள் 5 பேர் சிறுவர். அதே மாதம் 13ஆம் நாள் தீபம் ஏற்றப்பட்டது. மலையேறப் பொதுமக்களுக்கு இசைவு தரப்படவில்லை. சரிவின் காரணங்களை ஆராய்வது நிலவியல் அறிஞரின் பணி. நான் அதில் தலையிடேன். ஆனால் அத்துயரச் செய்தியைக் கேட்டபோது என் தோழனையே நினைத்தேன். எங்கே கல் உருளும் என்று அவன் அறிந்திருந்ததை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவன் இப்போது உயிரோடு இல்லை. சுமை தூக்கியவர்களின் அறிவும் அறிவே. அது ஏட்டில் ஏறாமல் போனால் இழப்பு ஊருக்குத்தான்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது சிறிது. இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவிலுள்ள முதியவர் ஒருவரிடம் செல்லுங்கள். மூன்று கேள்விகள் போதும். "மழைக்காலத்தில் இங்கே நீர் எவ்வழி ஓடிற்று? இன்று யாரும் சொல்லாத எந்தச் சொற்களை நீங்கள் சிறுவயதில் சொன்னீர்கள்? உங்களோடு படித்தவர்களில் பாதியில் நின்றவர் யார், ஏன் நின்றார்?" அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். எழுதிய நாளையும் இடத்தையும் தவறாமல் குறியுங்கள். கூடுமானால், அதே கேள்விகளை இன்னும் இருவரிடமும் கேளுங்கள்; விடைகள் மாறுபட்டால் மூன்றையும் எழுதி வையுங்கள். ஏடு நிறைந்ததும் உங்கள் பள்ளி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.