ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டாதீங்க!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம். உங்களுக்கு அது பாடமாக இருக்கட்டும்.

எங்கள் குழுவில் 34 வயது சகோதரி ஒருவர். குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் சில நொடி கண் இருட்டிவிடும். ஓயாத தலைவலி. காதுக்குள் நாடி துடிப்பது மாதிரி சத்தம். "ரத்தம் கம்மியா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு" என்றோம். கண்ணாடியை இரண்டு முறை மாற்றியும் பலன் இல்லை. கடைசியில் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு வீங்கியிருந்தது. உடனே தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் காட்டாமல் நாங்களே பிரித்துப் படித்தோம். கட்டி இல்லை என்று எழுதியிருந்தது எங்கள் கண்ணில் படவில்லை. 'பார்ஷியலி எம்ப்டி செல்லா' என்ற வரிதான் பட்டது. எம்ப்டின்னா காலி என்று யாரோ சொல்ல, "மூளையில பாதி காலியாம்" என்று தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது. அந்தச் சகோதரி அவமானத்தில் ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மூன்று வாரம் போய்விட்டது.

பிறகு நாங்கள் இருவர் துணைக்குப் போய் நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். செல்லா என்பது மூளையே இல்லை. மூளைக்கு அடியில் எலும்பில் உள்ள சிறு குழி. அதில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடினால் சுரப்பி தட்டையாகி, குழி காலி போலத் தெரியும். நோயே இல்லாதவர்களுக்கும் இப்படித் தெரிவதுண்டு. ஆனால் நரம்பு வீக்கமும் சேர்ந்திருந்தால் அது முக்கியமான தடயம்.

ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று இன்னொரு படம் எடுத்து உறுதி செய்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீரின் அழுத்தத்தை அளந்தார்கள். 250 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதிகம், இவருக்கு 340. இந்த நோய் பிள்ளை பெறும் வயதில், எடை கூடிய பெண்களுக்கே அதிகம் வருகிறதாம். மாத்திரையும் எடைக் குறைப்பும்தான் முக்கிய சிகிச்சை. கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம்.

இப்போது அவருக்குத் தலைவலி இல்லை. ஆனால் ஓரப்பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அந்த மூன்று வாரம் எங்கள் மனசை உறுத்துகிறது.

சகோதரிகளே, ரிப்போர்ட் எழுதுபவர் படத்தை மட்டும் பார்த்து எழுதுகிறார். உங்கள் கண்ணைப் பரிசோதித்த டாக்டர்தான் இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்ல முடியும். அவரிடம் இந்த மூன்று கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்:

1. கட்டியோ ரத்த அடைப்போ இருக்கிறதா?
2. இதில் எழுதியிருப்பதில் எது என் பார்வைக் கோளாறுக்குக் காரணம், எது தற்செயலாகத் தெரிந்தது?
3. பார்வையைக் காப்பாற்ற அடுத்து என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள்?

ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தாலும் பார்வைக் கோளாறு தொடர்ந்தால் மறுபடி போங்கள். திடீரென்று பார்வை போனாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவசரக் கடன் கொடுப்பதோடு நம் வேலை முடியவில்லை. ரிப்போர்ட் வாங்கிய சகோதரியோடு இனி ஒருவர் டாக்டர் அறை வரைக்கும் போவோம் என்று எங்கள் தீர்மான நோட்டில் எழுதிவிட்டோம். உங்கள் குழுவிலும் எழுதுங்கள்.