உதயகிரிக் கோட்டையின் பெரிய கப்பித்தான்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைட்டிலாவில் பேருந்து ஏறி நாகர்கோவில் செல்லும் நம்மவர், தக்கலையைக் கடந்ததும் புலியூர்க்குறிச்சியில் ஒரு பழங்கோட்டையைக் கண்டிருப்பர். அதுவே உதயகிரி. அங்கே துயில்பவர் தமிழரும் அல்லர், மலையாளியும் அல்லர். ஐரோப்பாவில் பிறந்த எஸ்தாக்கியஸ் டி லனாய்.

ஒல்லாந்தக் கம்பெனியின் படையில் வந்த அவர், 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டார். வென்ற மார்த்தாண்டவர்மர் அவரைத் தம் படையிலேயே அமர்த்திக்கொண்டார். நாயர் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுக்கவும் சுடவும் கற்பித்தார். உதயகிரியில் பீரங்கி வார்க்கும் உலையும் எழுந்தது. நாம் வாழும் இக்கொச்சி நாட்டுக்கும் அவரோடு தொடர்புண்டு. சாமூதிரியின் படையைக் கொச்சி மண்ணிலிருந்து 1762இல் விரட்டியதிலும், வடக்கே நெடுங்கோட்டை எழுந்ததிலும் அவர் கை இருந்தது. அவருடைய பழைய எசமானரான ஒல்லாந்தரோ அப்பொழுதும் கொச்சிக் கோட்டையிலேயே வீற்றிருந்தனர்!

அந்நாளில் குடியுரிமைச் சட்டம் ஏது? நமக்கே அது 1955இல்தான் வந்தது. அந்நியன் ஒருவன் தன் உழைப்பைக் காட்டி மன்னரின் தயவைப் பெறலாம், அவ்வளவே. டி லனாய் பெற்றது ‘வலிய கப்பித்தான்’ என்னும் பட்டமும், படைத்தலைமையும், கோட்டைக்குள் குடியிருப்பும். நம் மொழியிற் சொன்னால் பெரிய கப்பித்தான்.

அவர் கொடுத்த விலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மகன் யோவான் 1765இல் களக்காட்டுப் போரில் மாண்டான். அதற்கும் முன்பே, அவர் வழியாகக் கிறிஸ்து சமயத்தை அறிந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, அரசின் சினத்துக்கு ஆளாகி 1752இல் ஆரல்வாய்மொழியருகே சுடப்பட்டார். தேவசகாயம் என்னும் பெயரில் 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவரே. படைத்தலைவரின் செல்வாக்கு அந்த நண்பரைக் காக்கவில்லை. பட்டம் தருவது வேறு, தம்முள் ஒருவராகக் கொள்வது வேறு என்பதை, பிழைக்க வந்த ஊரில் வாழும் நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை.

ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்து, 1777 ஜூன் முதல் நாள் அவர் மறைந்தார். காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை மன்னருக்குப் பணியவைத்தவர் என்று கல்லறை அவரைப் புகழ்கிறது. இலத்தீன் மொழியோடு அக்கல்லில் வேறொரு மொழியும் உண்டு. அது டச்சும் அன்று, பிரெஞ்சும் அன்று, நம் தமிழே. 1956 முதல் அவ்விடம் தமிழ்நாட்டில் உள்ளது. அடுத்த விடுமுறையில் ஊர் செல்வோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்த எழுத்துக்களைக் காட்டுங்கள்.