ஹில்டன் ஹெட் தீவு: விடுமுறை யாருக்கு, வேலை யாருக்கு?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் ஓர் உல்லாசத் தீவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் உல்லாசத் தீவோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அந்த மண்ணில் விளைந்து பேர் பெற்றது பஞ்சு. அதை விளைவித்தவர்கள் கூலிகூட இல்லாத அடிமைகள்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தெற்குக் கரோலினா என்று ஒரு மாகாணம். அதன் கடலோரத்தில் இருக்கிறது ஹில்டன் ஹெட் தீவு. நீளம் சுமார் 12 மைல். கடுங்குளிர் இல்லை. அகன்ற மணற்கரை, நிழல் தரும் ஓக் மரங்கள். வருஷந்தோறும் லட்சக்கணக்கானோர் அங்கே விடுமுறைக்குப் போகிறார்கள். காலையில் கடல் குளியல், பகலில் கோல்ப் ஆட்டம், மாலையில் விருந்து. சின்னஞ்சிறு பந்தைக் கோலால் அடித்துப் பதினெட்டுக் குழிகளில் ஒவ்வொன்றாக விழச் செய்வதே கோல்ப். அதற்கு ஒரு மைதானம் போட நூறு, நூற்றைம்பது ஏக்கர் வேண்டும். அந்தச் சிறு தீவில் அப்படிச் சுமார் இருபது மைதானங்கள்!

அவ்வளவு நிலம் எங்கிருந்து வந்தது? அதுதான் கேள்வி.

அந்தத் தீவுகளில் விளைந்த நீள இழைப் பஞ்சுக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. நூறாம் நம்பருக்கும் மேற்பட்ட மெல்லிய நூலை அதில் நூற்கலாம். லங்காஷயர் மில் முதலாளிகள் அதற்கு அதிக விலை கொடுத்தார்கள். ஆனால் வயலில் நின்றவன் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவனும் அவன் பிள்ளைகளும். நாளொன்றுக்குக் கால் ஏக்கர் கொத்த வேண்டும் என்று அளந்துவிடுவார்கள். குறைந்தால் சவுக்கடி.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அமெரிக்கப் பஞ்சு நின்று போனதால் லங்காஷயர் நம் நாட்டுப் பஞ்சைத் தேடி ஓடிவந்ததும், இங்கே பஞ்சு விலை ஏறியதும் அந்த யுத்தத்தின் விளைவே. அதே வருஷம் நவம்பர் 7ஆம் தேதி வடக்கு சர்க்காரின் கப்பற்படை ஹில்டன் ஹெட் தீவைப் பிடித்தது. பீரங்கிச் சத்தம் கேட்டதும் பண்ணை எஜமானர்கள் ஓட்டம் பிடித்தார்கள். அடிமைகள் ஓடவில்லை. அவர்களுக்கு அது விடுதலையின் சத்தம்.

1862இல் அங்கே மிச்சல்வில் என்ற ஊர் எழுந்தது. விடுதலை பெற்றவர்கள் தாங்களே வீடு கட்டினார்கள், தாங்களே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி என்று சட்டம் போட்டார்கள். எழுத்தறிவே கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் முதலில் கேட்டது பள்ளிக்கூடம்! இதை நாம் மறக்கக்கூடாது.

அடுத்துக் கேட்டது நிலம். 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார். அதே வருஷம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்துச் செய்து, மிகப் பெரும்பாலான நிலத்தைப் பழைய எஜமானர்களுக்கே திருப்பிவிட்டார். சங்கிலி போயிற்று, நிலம் வரவில்லை. ஆனாலும் ஹில்டன் ஹெட்டில் பலர் காசு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கினார்கள். கல்லா மக்கள் என்று அவர்களுக்குப் பெயர். தமக்கென ஒரு மொழி, தமக்கென பாட்டு, கூடை முடையும் கலை. மீனும் சிப்பியும் காய்கறியும் சவானா நகரத்துக்குப் படகில் கொண்டுபோய் விற்றுப் பிழைத்தார்கள். பாலம் இல்லாத அந்தத் தீவு அவர்களுடைய தீவாகவே இருந்தது.

1950 வாக்கில் மர வியாபாரிகள் தீவின் பைன் காடுகளை வாங்கினார்கள். 1956இல் பாலம் வந்தது. பின்னாலேயே உல்லாச விடுதிகளும் மாளிகைகளும் வந்தன. 1969இல் ஹார்பர் டவுன் மைதானத்தில் பெரிய கோல்ப் பந்தயம் தொடங்கியது. வேலி போட்டு, வாசலில் காவல் வைத்து, பணக்காரர்களின் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றில் பலவற்றுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ‘பிளாண்டேஷன்’! அடிமைகள் ரத்தம் சிந்திய பண்ணையின் பெயரே பணக்காரனுக்கு அலங்காரப் பலகையாயிற்று. கல்லா மக்களின் பழைய மயானங்கள் சில அந்த வேலிக்குள் சிக்கிக்கொண்டன. பாட்டன் சமாதிக்குப் பூ வைக்கப் போகிறவன் வாசல் காவல்காரனிடம் காரணம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

மீதி நிலம் எப்படிப் போயிற்று? இதைக் கவனமாகக் கேளுங்கள். துப்பாக்கி காட்டிப் பிடுங்கவில்லை. சட்டத்தைக் காட்டிப் பிடுங்கினார்கள்.

பக்கத்தில் மாளிகை எழுந்ததும் நிலத்தின் மதிப்பு ஏறியது, வரியும் ஏறியது. மீன் பிடிப்பவனால் கட்ட முடியுமா? பாக்கி விழுந்தால் ஏலம். இது ஒரு வழி. இன்னொரு வழி: பாட்டன் உயில் எழுதவில்லை. நிலம் பிரிக்கப்படாமல் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாக நிற்கிறது. தூர நகரத்தில் இருக்கும் ஒரு வாரிசிடம் கம்பெனிக்காரன் போய் அவருடைய சிறு பங்கை வாங்குவான். வாங்கிய மறுகணம் அவனும் கூட்டுப் பாத்தியதைக்காரன். கோர்ட்டில் பாகப்பிரிவினை கேட்பான். பிரிக்க முடியாது, முழுவதையும் விற்றுப் பணத்தைப் பங்கிடுங்கள் என்று கோர்ட் சொல்லும். ஏலத்தில் எடுக்கப் பணம் உள்ளவன் யார்? கம்பெனிக்காரன்தான். தலைமுறைகளாகக் குடியிருந்தவன் ஒரே தீர்ப்பில் தெருவுக்கு வந்தான்.

பாலத்துக்கு முன் தீவில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இன்று அவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

விடுதியில் படுக்கை விரிப்பதும் கோல்ப் புல்லை வெட்டுவதும் யார்? தீவில் வீட்டு வாடகை கொடுக்க முடியாத தொழிலாளிகள். உள்நாட்டு ஊர்களிலிருந்து விடியுமுன்னே பஸ் ஏறுகிறார்கள். வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகிறவர்களும் உண்டு. அந்த மாகாணத்துக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. மத்திய சர்க்கார் 2009இல் மணிக்கு 7.25 டாலர் என்று வைத்ததோடு சரி. சங்கங்களைப் பலவீனப்படுத்தும் சட்டமோ 1954லேயே வந்துவிட்டது.

ஆனால் அந்த மக்கள் கைகட்டி நிற்கவில்லை. 1969இல் ஒரு ஜெர்மன் ரசாயனக் கம்பெனி அருகில் தொழிற்சாலை போட வந்தபோது, கழிவு கடலைக் கெடுத்துவிடும் என்று கண்டு கறுப்பின மீனவர்களின் கூட்டுறவுச் சங்கம் எதிர்த்தது. ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு 1970இல் ஓர் இறால் படகு வாஷிங்டனுக்கே போயிற்று. கம்பெனி பின்வாங்கியது. அந்தச் சண்டையில் உல்லாச விடுதி முதலாளிகளும் கூட நின்றார்கள். கடல் கெட்டால் அவர்கள் வியாபாரமும் கெடும் அல்லவா! மீனவனின் நிலம் ஏலத்துக்கு வந்தபோது அந்தத் தோழமை எங்கே போயிற்று? வாரிசு நிலத்தைக் காக்கப் பல வருஷம் வாதாடி, 2016இல் மாகாணச் சட்டசபையில் ஒரு சட்டம் வந்தது. பங்கை விற்க ஒருவர் வந்தால் மற்ற வாரிசுகள் முதலில் வாங்கிக்கொள்ள அது வழி செய்கிறது. போன நிலம் திரும்பவில்லை. இருக்கும் நிலத்துக்கு ஒரு வேலி கிடைத்தது.

தோழர்களே! கடல் குளியலும் ஆட்டமும் பாவம் என்று நாம் சொல்லவில்லை. உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டும். கடற்கரைக் காற்று எல்லாருக்கும் வேண்டும். ஒருவனுடைய ஓய்வுக்காக இன்னொருவனுடைய வீடும் வயலும் மயானமும் போகலாகாது என்பதே நம் வாதம்.

ஆகவே, நிலம் உள்ள குடும்பங்கள் பத்திரத்தையும் பட்டாவையும் வாரிசுப் பெயர்களையும் இன்றே ஒழுங்கு செய்யுங்கள். தனியாக வந்து பங்கு கேட்கிறவனிடம் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள், கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். தீவு மக்கள் நிலத்தை இழந்தது ஒவ்வொருவராக. காத்துக்கொண்டது கூடி நின்றபோது.